'ம்', 'இருக்கலாம்' என்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் சிற்றிதழுக்காக ஒரு நடிகரைப் பேட்டி காணப்போகிறேன். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் இருந்து சினிமாவுக்குப் போனவர். 45 நிமிடம் தந்திருக்கிறார். பழைய பேட்டிகளில் எல்லாம் 'ம்', 'இருக்கலாம்' என்று முடித்துவிடுகிறார். எப்படிப் பேச வைப்பது?

பதில்: பேச வைக்க வேண்டும் என்று கிளம்புவதுதான் முதல் சிக்கல். இப்படிப்பட்டவர்களுக்குப் பேச வராது என்பதில்லை. தன்னைப் பற்றிப் பேசத்தான் கூச்சம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். 'அந்தப் பாத்திரமாக எப்படி உணர்ந்தீர்கள்?' என்றால் 'நல்லா இருந்துச்சு' என்பார், கதை முடிந்தது. 'அந்தக் காட்சியில் இடது காலை இழுத்து நடந்தீர்களே, அதை எப்போது முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டுப்பாருங்கள். இப்படிக் கேட்க வேண்டுமானால் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்க வேண்டும். குறுக்குவழி கிடையாது.

கூத்துப்பட்டறைக்காரர் என்பது உங்களுக்கு வசதி. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய அந்தக் குழுவுக்குப் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அடவு (ஆட்டத்தின் காலடி அசைவு), குரல், மூச்சு என்று உடம்பால் கற்ற விஷயங்களைக் கேளுங்கள். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய தொண்டையை, கழுத்துப் பட்டியில் குத்திய மைக்குக்கு எப்படிக் குறைத்தார்? இந்த ஒன்றுக்கே பத்து நிமிடம் போகலாம். எழுந்து நின்று செய்துகாட்டினாலும் காட்டுவார்.

ஊரே கேட்டுச் சலித்த கேள்வியைத் தொடாதீர்கள். ஆங்கில நடிகர் டேனியல் டே-லூயிஸ் 1989இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நடிக்கும்போது பாதியில் இறங்கிப் போனார். அப்புறம் மேடை ஏறவில்லை. மேடையில் தன் இறந்த அப்பாவின் ஆவியைப் பார்த்தாராமே என்ற கதை பல வருடம் அவரைத் துரத்தியது. உங்கள் நடிகருக்கும் அப்படி ஒரு 'ஆவி' இருக்கும். அவர் தானாக எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பம், மணவாழ்க்கை பக்கம் போகவே வேண்டாம்.

மௌனத்தைத்தான் நம் ஆட்கள் தாங்கமாட்டார்கள். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்வியை வீசிவிடுகிறோம். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அவர் அந்த இடைவெளியில் யோசித்துக்கொண்டிருக்கலாம். நீங்களே பதிலை எடுத்துக்கொடுத்தால் 'ஆமாம்' என்று தப்பித்துவிடுவார்.

ஹோட்டல் அறையைவிட ஒத்திகை நடக்கும் இடம் நல்லது. கேமரா இல்லாமல் ஒலிப்பதிவு மட்டும் போதுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி இறுக்கம் போய்விடும்.

கருவியை அணைத்த பிறகு, டீ குடிக்கும்போது, சரளமாகப் பேச ஆரம்பிப்பார் பாருங்கள்! எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. 'சார், இதையும் எழுதிக்கலாமா?' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் எழுதாதீர்கள்.