பாடம் எடுத்ததற்கு விருதா என்று கேட்ட அப்பாவுக்கு

ஐயா,

அன்றைக்கு அறுவை மருத்துவரான மகளையும் உங்கள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்தவர், உட்காருவதற்கு முன்பே கேட்டீர்கள்: "பயிற்சி டாக்டர்கள் ஓட்டுப் போட்டு இவளுக்குச் சிறந்த ஆசிரியர்னு விருது கொடுத்திருக்காங்க. ஆபரேஷன் நல்லா பண்ணதுக்குக் கொடுத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். இதை வச்சு என்ன செய்யறது?" ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னீர்கள். கவலை புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டை அடகு வைத்தாவது இதய அறுவை சிகிச்சை படிக்க வையுங்கள் என்று உங்கள் அண்ணன் சொல்வது தவறு.

இதயம், நரம்பு, ரோபோ என்று எல்லா அறுவை சிகிச்சைகளையும் பற்றிச் சொந்தக்காரர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

"சொல்லிக்கொடுக்கறதுல அப்படி என்ன இருக்கு?" என்று அண்ணன் கேட்டதும் உங்கள் மகள் செய்ததைக் கவனித்தீர்களா? என் மேஜையில் கிடந்த நூலை எடுத்து நாற்காலியின் கையில் முடிச்சுப் போட்டார். முதல் தடவை வாய் திறக்காமல், வழக்கமான வேகத்தில். இரண்டாம் தடவை நிதானமாக, ஒவ்வொரு அசைவையும் சொல்லிச் சொல்லி. மூன்றாம் தடவை என்னைச் சொல்லவைத்தார்; நான் சொன்னபடி மட்டும் அவர் கை நகர்ந்தது. அப்புறம் நூலை என்னிடம் தந்தார். நான் தப்பாகச் சுற்றினேன். அவர் பிடுங்கவில்லை. "எந்த நூல் மேலே போச்சு, பாருங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நானே அவிழ்த்துச் சரிசெய்தேன். இதற்குப் பெய்டனின் நான்கு படி முறை என்று பெயர். படிகளை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். கை பரபரக்கும்போது அதை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம். மேஜையில் நோயாளி இருக்கும்போது அது பல மடங்கு கஷ்டம்.

அறுவை சிகிச்சைக் கல்வி என்று ஒரு துறையே இருக்கிறது, ஐயா. அதில் போகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவதில்லை, ஆபரேஷன் தியேட்டரில்தான் இருப்பார். ஆபரேஷனுக்கு முன் கைகழுவும் இடத்திலேயே பயிற்சி மருத்துவரிடம் "இன்னைக்கு எந்தப் பகுதி உன்னோடது?" என்று பேசி முடிவு செய்வார். உள்ளே போனதும் அந்தப் பகுதியில்தான் அவருடைய கண் இருக்கும். கடைசித் தையல் போடும்போதே எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பேசிவிடுவார். கற்பவரிடம் எவ்வளவு தூரம் பொறுப்பை விடலாம் என்பதற்கு ஸ்விஷ் அளவுகோல் என்று ஒன்று உண்டு: செய்துகாட்டி விளக்குவது, வழிநடத்திக் கைகொடுப்பது, தேவைப்பட்டால் மட்டும் உதவுவது, மேற்பார்வையோடு நிறுத்திக்கொள்வது. சீக்கிரம் விட்டால் இன்றைய நோயாளிக்கு ஆபத்து. விடாமலே வைத்திருந்தால், அந்த மாணவர் பிற்பாடு தனியாக நின்று ஆபரேஷன் செய்யும் நோயாளிக்கு ஆபத்து. இந்த நிதானம் தெரிந்த இளையவர்கள் குறைவு.

தியேட்டருக்கு வெளியே பயிற்சிக்கூடம். லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனைப் பழகும் பெட்டிக்குள் ஆறு சிறு ரப்பர் துண்டுகள். திரையைப் பார்த்தபடி ஒரு கைக் கருவியால் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். பிறகு அதே மாதிரி திருப்பிக் கொண்டுவர வேண்டும். விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் யாருடைய வயிற்றிலும் கை வைக்காமல் தப்புச் செய்து பழக இதைவிட நல்ல இடமில்லை. எந்தப் பயிற்சி எந்தக் கட்டத்தில், தேறினார் என்று எதை வைத்துச் சொல்வது என்றெல்லாம் வகுத்து, ஆராய்ந்து, கட்டுரை எழுதுகிறவர்களும் இந்தத் துறைக்காரர்கள்தான்.

அண்ணன் மதிக்கும் நரம்பு அறுவை சிகிச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வளர்த்த ஹார்வி குஷிங், வால்டர் டேண்டி இருவருமே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஹால்ஸ்டெட்டிடம் பயின்றவர்கள். அறுவை மருத்துவரை எப்படி உருவாக்குவது என்று 1904-ல் யேல் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியவர் அந்த ஹால்ஸ்டெட்.

இன்றைக்கும் பிரிட்டனில் பயிற்சி அறுவை மருத்துவர்களின் சங்கம், சிறந்த பயிற்றுநருக்கு வெள்ளிக் கத்தியின் பெயரால் ஒரு விருது தருகிறது. பேராசிரியர்களுக்கு மரியாதை எப்படியும் வந்துவிடும். இளையவருக்கு இப்போதே அங்கீகாரம் கிடைத்தால்தான் அவர் கற்றுத்தருவதில் நிலைப்பார். பதவி உயர்வுக்கு எத்தனை ஆபரேஷன், எத்தனை கட்டுரை என்றுதானே பல இடங்களில் எண்ணுகிறார்கள்.

பண விஷயத்தில் மழுப்ப மாட்டேன். ஆரம்ப வருஷங்களில் வருமானம் தனியார் நிபுணர்களுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கடன் இருக்காது. மருத்துவக் கல்வியில் முதுநிலைப் பட்டத்தை வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். அவர் விரும்பாத படிப்புக்கு நீங்கள் வீட்டை அடகு வைத்தால், வட்டியை நீங்கள் கட்டுவீர்கள். அந்த வேலையை ஆயுசுக்கும் அவர் சுமப்பார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலைக்குப் போகுமிடத்தில் கற்பித்தலுக்கான நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களிடம் சேர வேண்டாம்.

அடுத்த முறை மகளை மட்டும் அனுப்புங்கள். அவரை முன்மொழிந்த பயிற்சி மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை அதிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கப்போகிறோம்.