ஷாங்கியைத் தோற்க வைத்தது யார்?

வணக்கம் சார்,

2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலி உள்விளையாட்டரங்கில் நடந்த டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தக் கம்பெனியின் ‘சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டக்கிள்’ நிகழ்ச்சிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஜான் சீனாவை நேரில் பார்த்ததும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் ஊர் திரும்பும்போது ஏதோ குறையாகவே இருந்தது. நம் நாட்டு ஷாங்கியை நம் ஜனங்கள் முன்னாலேயே குந்தரிடம் தோற்க வைத்தார்கள். டிவியில் பார்க்கும் வேகமும் இல்லை, பாதி நேரம் ஒருவர் கழுத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ‘எழுதி வெச்ச முடிவைப் பார்க்க இவ்வளவு காசா’ என்று மச்சான் இன்னும் கேலி செய்கிறார். ‘துரியோதனன் சாவான்னு தெரிஞ்சுதானே விடிய விடிய கூத்து பார்க்கிறோம்’ என்று அவருக்குப் பதில் சொன்னேன். சரிதானா? ஜான் சீனா ஓய்வு பெற்ற பிறகு எல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மகனுக்கு அப்போது எட்டு வயது. எல்லாம் நிஜச் சண்டை என்றே இன்னும் நம்புகிறான். உண்மையைச் சொல்லிவிடலாமா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

மச்சானின் கேலியை முதலில் முடித்துவிடலாம். இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று அந்தக் கம்பெனியே 1989இல் நியூஜெர்சி மாநில செனட்டில் சொல்லியாயிற்று. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் போகாமல் தப்பிக்க அவர்களாகவே கொடுத்த வாக்குமூலம் அது. முப்பது வருஷத்துக்கும் மேலான பழைய செய்தியை மச்சான் இன்று கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

கழுத்துப் பிடிக்கு வருகிறேன். டிவியிலும் அது இருக்கிறது, நாம் பார்ப்பதில்லை. வில்லன் கை ஓங்கி ஆட்டம் மெதுவாகும் பகுதியைப் பெரும்பாலும் விளம்பர இடைவேளைக்குள் தள்ளிவிடுவார்கள். திரும்பி வரும்போது ஹீரோ எழுந்துகொண்டிருப்பார். மிச்ச மந்தத்தை வர்ணனையாளர்கள் பேசியே நிரப்பிவிடுவார்கள். அரங்கத்தில் விளம்பரமும் கிடையாது, வர்ணனையும் கிடையாது. அந்தப் பிடியில்தான் இருவரும் மூச்சு வாங்குகிறார்கள், அடுத்து என்ன செய்வது என்று காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள், கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் எல்லோரும் கைதட்ட ஆரம்பித்ததும் கீழே கிடப்பவரின் கை நடுங்கி மேலே வருமே, அதற்கான நேரத்தைத் தீர்மானித்தது உங்கள் சத்தம். முடிவு மட்டும்தான் கட்டாயம் எழுதியிருக்கும். நடுவில் வருவதில் நிறைய அங்கேயே, உங்கள் காது கேட்கவே தயாராகிறது. என்னைக் கேட்டால் அந்த மந்தமான பகுதிக்குத்தான் டிக்கெட் வாங்க வேண்டும்.

விழுவதில் பொய் கிடையாது என்பதையும் மச்சானுக்குச் சொல்லலாம். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் கொஞ்சம் ஃபோம், மேலே ஒரு கேன்வாஸ் துணி. முதுகு முழுக்கப் பரவும்படி விழவும், தலை மோதாமல் தாடையை மார்போடு ஒட்டிவைக்கவும் பழகுகிறார்கள். பழகினாலும் பலகை பலகைதான்.

இனி ஷாங்கி. நீங்கள் அரங்கத்தில் இருந்த அந்த நாளின் கணக்கை ஒருமுறை பாருங்கள். குந்தர் இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை, அதாவது அந்தக் கம்பெனியின் சாம்பியன் பட்டங்களில் ஒன்றை, வென்றது 2022 ஜூன் 10. அதற்கு முன் அந்தப் பெல்ட்டை ஒரே மூச்சில் அதிக நாள் வைத்திருந்தவர் ஹாங்கி டாங்க் மேன். 1987இலிருந்து 1988 வரை 454 நாள். முப்பத்தைந்து வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. குந்தருக்கு 455ஆவது நாள் எது தெரியுமா? 2023 செப்டம்பர் 8, நீங்கள் கச்சிபௌலியில் உட்கார்ந்திருந்த அதே நாள். அன்றைக்குப் போய் ஷாங்கியிடம் பெல்ட்டைக் கொடுப்பார்களா? அடுத்த வருஷம் ஏப்ரல் 6, அவர்களின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா மேடையில் சாமி ஜெய்னிடம் தோற்கும் வரை 666 நாள் அது குந்தரிடமே இருந்தது. ஒரு சாதனை தாண்டப்பட்ட நாளில் நேரில் இருந்துவிட்டு ஷாங்கிக்காக வருத்தப்பட்டுக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள்.

ஆனால் அந்த வருத்தம் தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் கூத்து உதாரணம்தான் இந்த இடத்தில் பொருந்தவில்லை. எல்லோரும் சொல்கிற உதாரணம்தான், நானும் சொல்லியிருக்கலாம். கூத்தில் துரியோதனன் செத்தாலும் வேஷம் கட்டியவருக்கு அடுத்த ஊரில் அதே வேஷம் இருக்கிறது. சொல்லப்போனால் அவர்தான் அங்கே பெரிய ஆட்டக்காரர். கதையை அவருக்கு எதிராக யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ரெஸ்லிங்கில் யார் தோற்பது என்பது ஒரு ஆபீஸ் முடிவு. யாருடைய படம் போஸ்டரில் வரும், யாருடைய டி-ஷர்ட் விற்கும், யாருடைய ஒப்பந்தம் தொடரும் என்பதோடு அது சேர்ந்தே நடக்கும். ஹைதராபாத் ஆட்டம் முடிந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, செப்டம்பர் 21 அன்று ஷாங்கியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இந்திய வேர் கொண்ட மற்ற வீரர்களான வீர், சாங்கா, ஜிந்தர் மஹால் மூவரும் 2024 ஏப்ரலில் வெளியே. நம் ஊரில் டிக்கெட் விற்க நம் முகங்கள் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஜிந்தர் மஹாலைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கனடாவில் பிறந்த பஞ்சாபி. 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தையைக் குறிவைத்துத்தான் என்று எல்லோரும் பேசினார்கள். நவம்பரில் மான்செஸ்டரில் ஏஜே ஸ்டைல்ஸிடம் பெல்ட் போனது. டிசம்பர் 9, டெல்லி இந்திரா காந்தி அரங்கம். எதிரில் டிரிபிள் எச். அவர் வெறும் மல்யுத்த வீரர் இல்லை, கம்பெனி நிர்வாகத்திலும் பெரிய பதவியில் இருந்தவர், முதலாளி வீட்டு மருமகன். யார் ஜெயித்தார் என்று நான் சொல்லவே வேண்டாம். பெல்ட் கூட இல்லாத ஆட்டம் அது. ஒரு ராத்திரி ஜிந்தரை ஜெயிக்க விட்டிருந்தால் எந்தச் சாதனைப் பட்டியலும் கெட்டிருக்காது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. ஷாங்கி தோற்றதற்காவது ஒரு நியாயம் இருக்கிறது, டெல்லிக்கு ஒன்றும் இல்லை.

முடிவு எழுதி வைத்தது என்பதாலேயே அதைப் பற்றிக் கோபப்படக் கூடாது என்கிறார் மச்சான். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் தோற்றால் யாரிடம் போய்க் கேட்பது? பந்து அப்படித் திரும்பிவிட்டது. இங்கே ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார், அவரிடம் தாராளமாகக் கேட்கலாம். 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஜான் சீனாவின் கடைசி ஆட்டத்தில் அதுதான் நடந்தது. எதிரி, நீங்கள் ஹைதராபாத்தில் பார்த்த அதே குந்தர். சீனா தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார். சீனா பல வருஷமாக ‘விட்டுக்கொடுக்காதே’ என்று டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிந்தவர். ஆட்டம் முடிந்து டிரிபிள் எச் வெளியே வந்ததும் அரங்கமே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. இப்போது கதைகளைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் அவர்தான். யாரைத் திட்ட வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். போகிற ஆள் இருக்கிற ஆளுக்குத் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்தத் தொழிலின் மரபு, சீனா அதைச் செய்தார்.

மகன் விஷயம். நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம். ‘ஷாங்கி ஏன்டா தோத்தான்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘குந்தர் பெரிய ஆளுப்பா’ என்றால் விட்டுவிடுங்கள், இன்னும் கொஞ்ச நாள் அப்படியே பார்க்கட்டும். ‘அவனை ஏன்பா தோக்க வெச்சாங்க?’ என்று திருப்பிக் கேட்டால் அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று அர்த்தம், உங்களுக்காகத்தான் சும்மா இருக்கிறான். அப்போது டெல்லிக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.