கணினி கேள்வி–பதில்: விடை தராத நிரல்துண்டு

கேள்வி: ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியின் ஆர்க் மோடில் விளக்கத்தையும் பைத்தான் நிரலையும் ஒரே கோப்பில் வைத்து ஆய்வேடு எழுதுகிறேன். முதல் துண்டில் ‘மழை’ என்ற பெயரில் 12, 40, 23 ஆகிய அளவுகளைக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோல்-சி-யை இருமுறை அழுத்தினால் ‘நன்’ (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) என்று மட்டும் விடை வருகிறது. அடுத்த துண்டில் சராசரி கேட்டால், ‘மழை’ என்ற பெயரே தெரியாது என்கிறது. தவறு எங்கே இருக்கிறது?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: ‘நன்’ என்ற விடையே பாதி ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆர்க் மோடில் தொடக்கத்தில் ஈமாக்ஸின் சொந்த மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப் மட்டுமே இயங்கும்; பைத்தானை நாம்தான் அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காதிருந்தால், அம்மொழியை இயக்கும் செயற்கூறு (ஃபங்க்ஷன்) இல்லை என்ற பிழைதான் வந்திருக்கும். ஆகவே உங்கள் கணினியில் பைத்தான் ஒழுங்காகவே ஓடுகிறது. தமிழில் பெயரிட்டதும் தவறன்று. பைத்தான் 3 அதை ஏற்கும்.

சிக்கல் இரண்டும் இயல்பிருப்பு அமைப்பிலிருந்து வருபவை. செஷன், அதாவது துண்டு முடிந்தபின்னும் மூடாமல் தொடர்ந்து ஓடும் பைத்தான், எதுவும் குறிப்பிடாதபோது, ஆர்க் மோட் உங்கள் துண்டை ஒரு செயற்கூற்றின் உடலாகச் சுற்றி, புதிய பைத்தானில் ஓட்டி, அச்செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பை மட்டும் விடையாகக் கோப்பில் பதிக்கிறது. நீங்கள் ‘ரிட்டர்ன்’ எழுதாததால் ‘நன்’ வந்தது. வேலை முடிந்ததும் அந்தப் பைத்தான் மூடப்பட்டு, ‘மழை’யும் அதோடு மறைந்துவிட்டதால், இரண்டாம் துண்டுக்கு அது கிடைக்கவில்லை.

இரண்டு துண்டுகளின் தலைவரியிலும் (துண்டு தொடங்கும் வரியிலும்) ஒரே செஷன் பெயரைக் கொடுங்கள். பிறகு இரண்டாம் துண்டின் கடைசி வரியில் சராசரிக் கோவையை மட்டும் எழுதினால் 25.0 என்று விடை வரும். செஷனுக்குள் ‘ரிட்டர்ன்’ எழுதக் கூடாது, எழுதினால் பிழையாகும். கடைசி வரி வெறும் மதிப்பேற்றமாக இருந்தாலும் விடை கிடைக்காது. ‘பிரின்ட்’ மூலம் அச்சிடுவதே உங்கள் வழக்கமென்றால், தலைவரியில் ‘ரிசல்ட்ஸ்’ என்ற அமைப்பின் மதிப்பை ‘அவுட்புட்’ என்று கொடுத்துவிடுங்கள்.

ஆய்வேடு என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செஷன் எதையும் மறக்காது. முதல் துண்டில் ‘மழை’ என்பதை ‘மழையளவு’ என்று நீங்கள் இன்று திருத்தினாலும், பழைய ‘மழை’ செஷனில் உயிரோடு இருப்பதால் இரண்டாம் துண்டு பிழையின்றி ஓடும். நாளை கணினியைத் திறந்து புதிதாக ஓட்டும்போதுதான் அது உடையும். அதைவிடக் கொடியது, பழைய எண்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி சந்தேகமே எழாதபடி ஆய்வேட்டில் தங்கிவிடுவது. அதனால் ஓர் அத்தியாயம் முடிந்ததும், அந்தச் செஷனுக்குரிய பைத்தான் பஃபரை (ஈமாக்ஸுக்குள் அது ஓடும் பக்கத்தை) மூடிவிட்டு, கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி, பி என்ற விசைகளால் எல்லாத் துண்டுகளையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நெறியாளரிடம் கோப்பைக் கொடுப்பதற்கு முன் இதைத் தவறாமல் செய்யுங்கள். அவருடைய கணினியில் உங்கள் பழைய செஷன் இருக்காது.