சாஹெல் மானாவாரியும் மழைக் கணிப்பும்: கேள்வி பதில்

சஹாராவுக்குத் தெற்கே, செனகலிலிருந்து சூடான் வரை நீளும் வறண்ட பட்டைதான் சாஹெல். அங்கே வானிலை அறிவியலை விவசாயிகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். விவசாய வானிலைத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோவில்பட்டி விவசாயி: ஐயா, நாங்களும் மானாவாரிதான். அங்கே என்ன பயிர்? எந்த மழைக்கு விதைக்கிறார்கள்?

கம்பு, சோளம், தட்டைப்பயறு, நிலக்கடலை. ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு மழை முடிந்துவிடும். நைஜரின் தலைநகர் நியாமேயில் ஆண்டு மழை சுமார் 550 மி.மீ. வடக்கே போகப் போக அதுவும் குறையும்.

நல்ல மழை ஒன்று பெய்த மறுநாளே குடும்பத்தோடு நிலத்தில் இறங்குவார்கள். நீளக் காம்புக் கொத்தோடு ஒருவர் முன்னால் குழி போட்டுக்கொண்டே போவார். பின்னால் வருபவர் ஒரு சிட்டிகை கம்பு விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடுவார். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் சுமார் ஒரு மீட்டர்.

சிக்கல் அதற்கப்புறம்தான். விதைத்தபின் பத்துப் பதினைந்து நாள் வானம் வெறித்தால் முளை கருகும், மறுபடி விதைக்க வேண்டும். சரி, காத்திருக்கலாமே என்றால் அதுவும் நஷ்டம். முதல் மழையில் மண்ணில் வெளிப்படும் தழைச்சத்து வீணாகும், பருவமும் சுருங்கும். அதனால்தான் அவசரப்படுகிறார்கள். அது அறியாமை இல்லை, கணக்குப் போட்டு எடுக்கும் துணிச்சல்.

தஞ்சாவூர் வேளாண் மாணவி: "பருவம் தொடங்கிவிட்டது" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் சார்?

இந்தத் துறையில் இன்றும் எடுத்தாளப்படுவது எம்.வி.கே. சிவகுமார் 1988-இல் வெளியிட்ட விதி. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் சர்வதேச நிறுவனமான இக்ரிசாட்டுக்கு நியாமே அருகே உள்ள சாஹெல் மையத்தில் இருந்த இந்திய விஞ்ஞானி அவர். பிற்பாடு உலக வானிலை அமைப்பின் விவசாய வானிலைப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். மே 1-க்குப் பிறகு தொடர்ந்து மூன்று நாளில் 20 மி.மீ. மழை சேர வேண்டும். அடுத்த 30 நாளில் ஏழு நாளுக்கு மேல் மழையில்லாத இடைவெளி வரக்கூடாது. அந்த நாளே தொடக்கம்.

விதியின் இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். அடுத்த 30 நாள் எப்படிப் போகும் என்பது விதைக்கிற அன்று யாருக்கும் தெரியாது. பழைய பதிவுகளை அலச இந்த விதி அருமையானது. ஆனால் அன்றைக்கு முடிவெடுக்க, வரப்போகும் வறண்ட இடைவெளி பற்றிய கணிப்பும் கூடவே வேண்டும். அந்த ஆய்வு இன்னொன்றும் காட்டியது: மழை சீக்கிரம் தொடங்கும் ஆண்டில் பருவம் பெரும்பாலும் நீண்டிருக்கும். தாமதமானால் சுருங்கும். இதை வைத்து, தாமதமான ஆண்டில் குறுகிய கால ரகத்துக்கு மாறச் சொல்லலாம். விவசாயி கையில் எடுத்துச் செய்யக்கூடிய முடிவாக அது இருக்கிறது. என் பார்வையில் வானிலை ஆலோசனைக்கு மதிப்பே அங்கேதான்.

சென்னை வாசகர்: மேய்ச்சலும் மரவெட்டும்தான் சாஹெலில் 1970-களில் வந்த பஞ்சத்துக்குக் காரணம் என்று படித்திருக்கிறேன்.

அப்படி ஒரு கருத்து அன்று வலுவாக இருந்தது. ஆனால் ஜியானினி, சரவணன், சாங் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியக் காரணம் கடல் என்று காட்டியது. கடல் மேற்பரப்பின் வெப்பம் மாறியதில்தான் மழைப் பட்டை நகர்ந்துபோனது, இந்தியப் பெருங்கடல் சூடானதும் அதில் சேரும். நிலத்தின் நிலை அந்த வறட்சியைக் கூட்டியிருக்கலாம், தொடங்கிவைத்தது அது இல்லை. பட்டினி கிடந்த மக்கள் மீதே பழியைப் போட்ட கதை அது. திருத்தப்பட்டதில் எனக்கு நிறைவு உண்டு.

பிறகு மழை ஓரளவு மீண்டது, ஆனால் குணம் மாறிவிட்டது. 1982-இலிருந்து சாஹெலின் மிகக் கடுமையான புயல்மழைகள் மும்மடங்காகிவிட்டதாக, செயற்கைக்கோள் பதிவுகளை அலசி 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே மழையில் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் நாள்கணக்கில் காயவிடுகிறது.

மதுரை வாசகி: இந்தத் தகவலெல்லாம் பெண் விவசாயிகளுக்குப் போய்ச் சேருகிறதா?

கேட்க வேண்டிய கேள்வி. மாலியை எடுத்துக்கொள்வோம். வறட்சிக்குப் பின் 1982-இல் அந்நாட்டு வானிலைத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. ஊர்களுக்கு எளிய மழைமானி கொடுத்தார்கள். மழை நின்றதும் போய் அளவு பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் கூட்டுத்தொகை அந்தப் பகுதிக்கும் பயிருக்கும் அட்டவணையில் சொன்ன அளவைத் தாண்டினால் விதைக்கலாம். கூடவே வானொலியில் பத்து நாளுக்கொரு அறிக்கை. ஆப்பிரிக்காவில் இதற்கு முன்னோடி கிடையாது.

பல ஆண்டுகள் கழித்து மதிப்பீடு செய்தபோது, அறிவுரையைப் பின்பற்றியவர்கள் பெரும்பாலும் ஏரும் மாடும் சொந்தமாக வைத்திருந்த மூத்த ஆண்கள் என்று தெரிந்தது. "இன்று விதை" என்றால் இன்றே உழ அவர்களால் முடியும். பெண்கள் ஏருக்குத் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் ஈரம் போய்விடும். கணிப்பு சரியாக இருந்தும் பயனில்லை. யாருக்காக, எந்தப் பயிருக்காக என்று முதலிலேயே கேட்காத திட்டம் எங்கேயும் இப்படித்தான் முடியும்.

செனகல் இதில் கொஞ்சம் தெளிவாகப் போனது. வானிலைத் துறை காஃப்ரின் பகுதி விவசாயிகளோடு உட்கார்ந்து பேசித் தொடங்கி, பிறகு 80-க்கும் மேற்பட்ட சமுதாய வானொலிகள் வழியே உள்ளூர் மொழிகளில் அறிவிப்பைக் கொண்டுசேர்த்தது.

ஈரோடு வாசகர்: கணிப்பு பொய்த்தால் என்ன செய்வது?

மழை எப்படிப் பெய்தாலும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நிலம் வேண்டும். இதில் விஞ்ஞானிகள் விவசாயிகளிடம்தான் பாடம் படித்தார்கள். புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி 1980-களில் ஸாய் குழி முறையைச் செம்மைப்படுத்தினார். கோடையிலேயே, கட்டாந்தரையில், 20 முதல் 30 செ.மீ. அகலமும் ஒரு சாண் ஆழமுமாகக் குழி வெட்டித் தொழு உரம் போடுவார்கள். உரத்தைத் தேடி வரும் கரையான்கள் இறுகிய மண்ணில் துளைகள் போடும். முதல் மழைத் தண்ணீர் வழிந்தோடாமல் அதில் இறங்கும். நாம் கரையானைக் கண்டால் மருந்தைத் தேடுவோம், அங்கே அது கூலியில்லாத உழவாள்.

உழைப்பு கடுமை. ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு மணி நேரம் வெட்ட வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு இது எட்டாது.

நைஜரின் மரடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் நிபுணர் 1983-இல் தொடங்கியதும் முக்கியம். புதுக் கன்று நடாமல், விளைநிலத்தில் கிடக்கும் பழைய அடிக்கட்டைகளின் துளிரைக் கழித்து மரமாக வளரவிடுவது. அந்நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பியிருக்கின்றன. 2018-இல் இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. சவடோகோ 2023-இல் காலமானார்.

திருச்சி உர வியாபாரி: உரம் போடுகிறார்களா?

குறைவு. பணம் இல்லை, மழையை நம்பி முதல் போடவும் பயம். இக்ரிசாட் பரப்பிய வழி, சோடா மூடி அளவு உரத்தைக் குழியிலேயே வைப்பது. ஒரு மூடி சுமார் 6 கிராம். செலவு குறைவு, வேர் சீக்கிரம் ஆழம் போகும்.

கும்பகோணம் வாசகர்: பயிர்க் காப்பீடு?

சாஹெலுக்கு வெளியே ஓர் உதாரணம்: கென்யாவின் மார்சபிட்டில் 2010-இல் வந்த கால்நடைக் காப்பீடு. செயற்கைக்கோள் படத்தில் மேய்ச்சல் நிலத்தின் பசுமை குறைந்தால் பணம் வரும், மாட்டை எண்ண ஆள் வர வேண்டாம். 2011 வறட்சியில் பணம் கொடுத்தார்கள். குறை என்னவென்றால், வட்டாரச் சராசரி நன்றாக இருந்து உங்கள் மாடு மட்டும் செத்தால் ஒன்றும் கிடைக்காது.

பெங்களூரு மென்பொருள் பொறியாளர்: அண்ணா, செயற்கை நுண்ணறிவில் உதவ ஆசை. எங்கே தொடங்கலாம்?

நல்ல வேலைகள் நடக்கின்றன. மரவள்ளி இலையைக் கைபேசியில் காட்டினால் நோயைச் சொல்லும் நுரு செயலி, இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் தம்பி, ஆப்பிரிக்காவில் பெரிய பற்றாக்குறை தரையில் நிற்கும் வானிலை நிலையங்களில்தான். செயலிக்குப் பணம் தருகிறவர்கள் மழைமானியைப் பராமரிக்கத் தருவதில்லை. தரை அளவு இல்லாவிட்டால் செயற்கைக்கோள் கணக்கைச் சரிபார்க்கவே வழியில்லை.

முதலில், செயற்கைக்கோள் பதிவையும் தரை அளவையும் சேர்த்துத் தயாரிக்கும் சிர்ப்ஸ் (CHIRPS) மழைத் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், 1981-இலிருந்து இருக்கிறது, சுமார் 5 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துத் தருகிறார்கள். நைஜரில் ஏதாவது ஓர் ஊரை எடுத்து, மேலே சொன்ன சிவகுமார் விதிப்படி ஒவ்வோர் ஆண்டின் தொடக்க நாளையும் கண்டுபிடியுங்கள். ஏழு நாள் நிபந்தனையை எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு தேதியும் எத்தனை ஆண்டுகளில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். விதை கருகியிருக்கக்கூடிய ஆண்டுகள் அவை. முடித்ததும் பட்டியலை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.