அட்வான்ஸ் என்றால் முன்பதிவு அல்ல

கேள்வி: நானும் மனைவியும் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் போகிறோம். ஒரே வண்டிக்கு ‘அட்வான்ஸ்’ ஒரு விலை, எந்த நேரத்து வண்டியிலும் ஏறக்கூடிய ‘எனிடைம்’ அதைவிடப் பல மடங்கு. மலிவானதில் வில்லங்கம் ஏதும் உண்டா? வழியில் யார்க்கில் இறங்கிப் பார்க்கவும் ஆசை.

பதில்: உண்டு. அட்வான்ஸ் என்றதும் நமக்கு முன்பதிவு ஞாபகம் வருகிறது. பிரிட்டனில் அது நீங்கள் பதிந்த அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும் டிக்கெட். நீங்கள் தாமதமாக வந்து வண்டியைத் தவறவிட்டால் புது டிக்கெட்தான். மனம் மாறினாலும் பணம் திரும்பாது. வண்டி புறப்படும் முன் கட்டணம் கட்டி வேறு நேரத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான்.

முன்கூட்டியே ஏறினாலும் இதே கதைதான். யார்க் நிலையத்தில் ஒருமுறை என் வண்டிக்கு அரை மணி முன்பே, அதே ஊருக்குப் போகும் வண்டி ஒன்று வந்து நின்றது. மழை வேறு. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரொம்ப மரியாதையாகப் புது டிக்கெட் கிழித்தார். தப்பு என்னுடையது.

நடுவழியில் இறங்கி ஊர் பார்க்கவும் அட்வான்ஸ் டிக்கெட்டில் அனுமதி கிடையாது. லண்டன்–யார்க், யார்க்–எடின்பரோ என்று இரண்டாக வாங்குங்கள். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் இல்லை. இடைத்தரகு ஆப்கள் சில அதற்குத் தனியாக வசூலிக்கும்.

தாமதம் ரயிலுடையது என்றால் நிலைமை வேறு. முதல் வண்டி பிந்தி இணைப்பு வண்டி போய்விட்டால், அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏறலாம். ‘டிலே ரீபே’ என்ற தாமத இழப்பீடு கேட்டு 28 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு ஒருவழிக் கட்டணம் முழுவதும் கிடைக்கும். டிக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

தம்பதியாகப் போவதால் ‘டூ டுகெதர்’ ரயில்கார்டு என்ற சலுகை அட்டையையும் பாருங்கள். 2025 மார்ச்சிலிருந்து 35 பவுண்டு. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவருக்குமான டிக்கெட் தொகை 105 பவுண்டைத் தாண்டினாலே கார்டின் காசு கையில் வந்துவிடும். இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் செல்லாது.

கேள்வி: பணம் திரும்பாத ஹோட்டல் அறையை ஆன்லைனில் பதிந்துவிட்டேன். தேதி மாறிவிட்டது. 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இதற்கும் உண்டாமே?

பதில்: துணிமணிக்கு உண்டு. குறிப்பிட்ட தேதிக்குப் பதிந்த அறைக்குக் கிடையாது. ஹோட்டலை நேரே அழைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்காமல் தேதியை மட்டும் மாற்றித் தரக் கேளுங்கள். அறை காலியாகக் கிடக்கும் பருவம் என்றால் பலர் இணங்குவார்கள். எடின்பரோ என்றால் இன்னொன்று: 2026 ஜூலை 24 முதல் தங்கும் அறைக்கு, முதல் ஐந்து இரவுகளுக்கு 5 சதவீத வரி உண்டு.

கேள்வி: பப்பில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்து ஒதுக்கினார்களா? ஒருவழியாகக் கிடைத்த பியரிலும் மேலே இரண்டு விரல் நுரை.

பதில்: உங்களை ஒதுக்கியதாகத் தோன்றவில்லை. பெரும்பாலான பப்களில் நாமே பார் கவுன்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது. யாருக்கு அடுத்து யார் என்று பாரில் நிற்பவருக்குத் தெரியும். நோட்டை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். சாப்பாடு என்றால் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

பியர் ஊற்றும் அளவான பைன்ட் என்பது 568 மில்லி. நுரை அதிகமானால் கிளாஸைக் குடிக்காமல் நீட்டி ‘டாப் அப்’, அதாவது குறையை நிரப்பித் தரக் கேளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டு, பக்கத்தில் ‘விருப்பப்படி’ என்றிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம்.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பல பப்களில் பார் பதினொரு மணிவரை திறந்திருந்தாலும் அடுப்பு ஒன்பதுக்கே அணைந்துவிடும். ஒன்பதே காலுக்குப் போய் நின்ற எனக்குக் கிடைத்தது ஒரு பாக்கெட் சிப்ஸ்.