சேர்ந்து எண்ணலாம், சேர்ந்து செலவழிப்பதுதான் பாடு: பறவைக் குழுக்களின் கூட்டமைப்பு குறித்துக் கேள்வி பதில்

பதினோரு வருடம் பறவைக் குழுக்களின் வட்டாரக் கூட்டமைப்பு ஒன்றின் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். நான் வந்தபோது ஏழு குழுக்கள், விலகியபோது பத்தொன்பது. நடுவில் ஒரு தடவை நான்காகச் சுருங்கியதும் உண்டு. அந்தக் கதை கீழே வரும். குழுக்கள் கடிதத்தில் கேட்ட கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் சொல்கிறேன்; ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் ஏரியை நாங்களே நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் சார். கூட்டமைப்பு எதற்கு?

ஏரியைப் பார்த்துக்கொள்ளக் கூட்டமைப்பு வேண்டியதில்லைதான். ஆனால் உங்கள் ஏரியில் போன வருடம் இரண்டாயிரம் வாத்து, இந்த வருடம் ஐந்நூறு என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அழிந்துபோனதா, முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு நீர்நிலையில் தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று அங்கே போய்விட்டதா? உங்கள் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. எல்லா நீர்நிலைகளிலும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே காலைப்பொழுதில் எண்ணினால்தான் தெரியும். வேறு வேறு நாளில் எண்ணினால் ஒரே கூட்டத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியாக எண்ணி இருமடங்காக்கிவிடும். 1967-இலிருந்து நடந்துவரும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியைச் சுற்றியே அமைந்திருப்பதற்கும் காரணம் இதுதான்: அப்போது வலசை வந்த பறவைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கியிருக்கும்.

தனிக் குழுவால் முடியாததை மட்டும் கூட்டமைப்பு செய்யட்டும். ஒரே நாள் கணக்கெடுப்பு, பயிற்சி, அரசிடம் ஒரே குரலில் பேசுவது, பெரிய நிதிக்கு விண்ணப்பிப்பது. மரம் நடுவது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எல்லாம் குழுக்களின் வேலை. அதில் கூட்டமைப்பு கை வைத்தால் சண்டைதான் வரும்.

எட்டு குழுக்கள் இருக்கிறோம். ஒரே சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா?

அவசரம் வேண்டாம். எட்டையும் கரைத்து ஒன்றாக்கினால், அந்தந்த நீர்நிலையோடு ஒட்டிய பெயரும் ஆட்களும் கரைந்துபோவார்கள். பேர்ட்லைஃப் இன்டர்நேஷனலைப் பாருங்கள். 1922-இல் பறவைப் பாதுகாப்புக்கான ஒரு சர்வதேசக் குழுவாகத் தொடங்கி, 1993-இல் இன்றைய பெயருக்கு மாறியது. அவ்வளவு பெரிய அமைப்பே, நாட்டுக்கு ஒரு கூட்டாளி அமைப்பு என்ற முறையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் தன் பெயர், தன் உறுப்பினர், தன் கணக்கு.

முதல் இரண்டு வருடத்துக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். எல்லோர் சார்பிலும் யார் பேசலாம், பணம் யாரிடம் இருக்கும், ஒரு குழு விலக நினைத்தால் எப்படி விலகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதக் கூச்சப்படுவார்கள். எழுதிவிடுங்கள். பணத்தை, வருடா வருடம் தணிக்கை முடிக்கிற ஒரு குழுவிடம் தனித் தலைப்பில் வையுங்கள். சம்பளத்துக்கு ஆள் எடுக்க வேண்டி வரும்போது பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

திட்டங்களுக்கு நிதி கிடைக்கிறது. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கு மட்டும் எவருமே தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பத்துக் கடிதத்தில் ஏழு இதைத்தான் கேட்டன. நான் அடிபட்ட இடமும் இதுதான்.

என் மூன்றாம் வருடத்தில் ஒரு பெரிய திட்ட நிதி வந்தது. ஈரநிலம் ஒன்றை இரண்டு வருடத்தில் மீட்க வேண்டும். மூன்று பேரை வேலைக்கு எடுத்தோம், வண்டி வாங்கினோம். நானும் முழுக்க அதிலேயே இறங்கிவிட்டேன். குழுக்களுக்குப் போன் செய்வதும் கூட்டம் போடுவதும் நின்றுபோயின. பணம் கொடுத்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தவறாமல் போனது, சொந்தக் குழுக்களுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. திட்டம் முடிந்த அன்று திரும்பிப் பார்த்தால் நான்கு குழுக்கள்தான் மிச்சம். வண்டி இருந்தது, டீசலுக்குக் காசில்லை.

அப்புறம் இரண்டு விஷயத்தை மாற்றினோம். முதலாவது, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒருங்கிணைப்பாளரின் நேரத்தைத் திட்டச் செலவாகவே காட்டினோம். அந்தத் திட்டத்துக்காக வாரத்தில் ஒரு நாள் போகிறதென்றால், ஒரு நாள் சம்பளம் அதில் இருக்கும். ‘நிர்வாகச் செலவு’ என்று கடைசி வரியில் போட்டால்தான் வெட்டுவார்கள். ‘தன்னார்வலர் பயிற்சியும் தரவுச் சரிபார்ப்பும்’ என்று போட்டால் கேள்வியே வராது. இது ஏமாற்று இல்லை, அவர் செய்கிற வேலையே அதுதான். ஆனால் ஒரே மணி நேரத்தை இரண்டு நிதிகளில் எழுதினால் அது ஏமாற்று. அதனால் நேரக் குறிப்பேடு கட்டாயம்.

இரண்டாவது, ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான இருப்பு நிதி. சேர்க்க நான்கு வருடம் ஆனது. திட்டத்துக்கென்று வந்த பணம் அதற்குள் போகவே கூடாது. சந்தா, நன்கொடை, பயிற்சிக் கட்டணம் மட்டும்தான்.

அரசுகளே பங்கு போட்டுச் செயலகம் நடத்துவதும் உண்டு. வாடன் கடல் என்ற சேற்றுநிலக் கடலோரத்துக்காக நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றும் 1982-இல் கூட்டு அறிவிப்பு செய்தன. 1987-இலிருந்து பொதுச் செயலகம் ஒன்று இயங்குகிறது. நமக்கு அந்த வசதி வாய்க்காது. ஆனால் நிலையாக ஒரு சின்ன அலுவலகம் இல்லாமல் கூட்டு வேலை நகராது என்பது மூன்று அரசுகளுக்கே புரிந்திருக்கிறது, அடுத்த நிதிக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சந்தாவை எப்படி நிர்ணயிப்பது? எங்களிடம் நாற்பது உறுப்பினர் குழுவும் இருக்கிறது, ஐந்து பேர் குழுவும் இருக்கிறது.

குழுவின் ஆண்டு வரவைப் பார்த்து மூன்று படி வையுங்கள். கடைசிப் படி பெயரளவுக்கு இருந்தால் போதும், ஆனால் சுழியம் வேண்டாம். எதுவுமே கொடுக்காத குழு கூட்டத்தில் கேள்வி கேட்கக் கூசும். ஓட்டு மட்டும் குழுவுக்கு ஒன்று.

பொதுமக்களிடம் பணம் திரட்ட என்ன வழி?

எங்களுக்குப் பலித்தது பறவை ஓட்டம். ஒரு நாளில் எத்தனை இனம் பார்க்கிறோமோ, இனத்துக்கு இவ்வளவு என்று நண்பர்களும் உறவினர்களும் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பார்கள். செலவு ஏறக்குறைய இல்லை. ஒரு ஆபத்து உண்டு. எண்ணிக்கை வெறியில் கூட்டுக்குப் பக்கத்தில் போவார்கள், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பார்கள். அப்படிப் பார்த்த இனம் கணக்கில் சேராது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 1934-இலிருந்து தபால்தலை மாதிரி ஒரு வாத்து வில்லை விற்கிறார்கள். வாத்து வேட்டைக்காரர்கள் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் ஈரநிலம் வாங்கிப் பாதுகாக்கிறார்கள். வேட்டைக்காரர் காசில் வாத்துக்கு வீடு! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கொடுத்த பணம் எந்த நிலமாக மாறியது என்று கைகாட்ட முடிகிறது.

ஆற்றில் கழிவு விடுவதாகப் பேசப்படும் ஒரு நிறுவனம் பெரிய தொகை தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அதைவிட முக்கியம், காசோலை மேசைக்கு வந்த பிறகு இதைப் பேசாதீர்கள், ஆளுக்கு ஒரு நியாயம் கிளம்பும். யாரிடம் வாங்குவது, யாரிடம் கூடாது, சந்தேகம் வந்தால் எத்தனை குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் பணம் வராத காலத்திலேயே எழுதி வையுங்கள். நாங்கள் எழுதிய ஒரு வரி: எந்த நீர்நிலை சம்பந்தப்பட்டதோ, அந்தக் குழு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தரவைக் கொடுத்தால் கூடுகள் இருக்கும் இடம் வெளியே போய்விடுமோ என்று குழுக்கள் பயப்படுகின்றன.

நியாயமான பயம். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் ஈபேர்ட் இணையதளமே ஆபத்தில் உள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. நீங்களும் இரண்டு அடுக்கு வையுங்கள்: எண்ணிக்கை எல்லோருக்கும், கூட்டின் இடம் அந்தக் குழுவுக்கும் தரவுப் பொறுப்பாளருக்கும் மட்டும். தரவு எண்ணிய குழுவுக்கே சொந்தம், கூட்டமைப்புக்குப் பயன்படுத்த அனுமதி உண்டு, அறிக்கையில் குழுவின் பெயர் வரும். இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்த பிறகு எங்களிடம் யாரும் நோட்டை மறைக்கவில்லை. பெரும்பாலும் பிரச்சினை கூடு இல்லை சார், பெயர் போடாததுதான்.

முதலில் லோகோவா, இணையதளமா?

இரண்டும் வேண்டாம். கணக்காளரைப் பிடியுங்கள்.

நீங்கள் விலகியபோது எப்படி ஒப்படைத்தீர்கள்?

மோசமாக. எந்த அதிகாரியை எந்த நேரத்தில் பார்த்தால் வேலை நடக்கும், எந்த இரண்டு குழுத் தலைவர்களைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, எந்த நிதிக்கு எப்போது கெடு என்பதெல்லாம் என் தலையிலும் என் போனிலும்தான் இருந்தன. எனக்கு அடுத்து வந்த பெண் முதல் வருடம் முழுக்க ‘அண்ணா, இது யாரிடம் கேட்கணும்?’ என்று வாரத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டார். இப்போது அவர் ஒரு தடித்த நோட்டு போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் அதை வாங்கிப் படித்தேன். பாதி எனக்கே தெரியாது.