கார் கட்டுப்பாட்டுப் பயிற்சி: எதைப் பார்த்துச் சேர்வது? (கேள்வி பதில்)

கே: அண்ணா, கார் ஓட்டத் தெரியும். அவசரத்தில் வண்டி கையை மீறிவிடுமோ என்றுதான் பயம். பயிற்சியில் சேரும் முன் என்ன விசாரிக்க வேண்டும்?

ப: ஒரு காருக்கு எத்தனை பேர்? என் கையில் ஸ்டியரிங் எத்தனை நிமிடம்? இந்த இரண்டும் போதும். எட்டு மணி நேரப் பயிற்சி என்பார்கள். வகுப்பறையும் இடைவேளையுமாக மூன்று மணி நேரம் போகும். மிச்ச ஐந்தை ஆறு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு ஐம்பது நிமிடம். காருக்கு மூன்று பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது தரை. தண்ணீர் விட்ட வழுக்குத் தளம் கட்டாயம் இருக்க வேண்டும். பிடிப்பு நாலில் ஒரு பங்கானால் வண்டி சறுக்கும் வேகம் பாதியாகிவிடும். காய்ந்த தாரில் 80-ல் சறுக்கும் அதே வளைவில், இங்கே 40-லேயே சறுக்கிப் பழகலாம்.

கே: ரேஸ் டிராக் பயிற்சி போதாதா சார்?

ப: அங்கே வளைவை வேகமாகக் கடக்கச் சொல்லித்தருவார்கள். உங்கள் பயத்துக்கு அது மருந்தில்லை.

கே: பிரேக்கில் கற்க என்ன இருக்கிறது? மிதித்தால் நிற்கும்தானே?

ப: பலர் மிதிப்பதில்லை, தடவுகிறார்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது பெடல் காலடியில் தடதடவென்று உதைக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று காலைத் தூக்குவார்கள், அங்கேதான் கெடுகிறது. 60 கி.மீ. வேகத்தில், அடையாளத்துக்கு வைத்த கோன் (கூம்பு) வந்ததும் ஒரே மிதி, முழு பலம், வண்டி நிற்கும்வரை விடக்கூடாது. மேனுவல் கியர் என்றால் கிளட்சும் கூடவே. அது கைவந்த பிறகு, மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பித் தடையை விலக வேண்டும். கண் தடையிலேயே நின்றால் வண்டியும் அங்கேதான் போகும். காலி இடத்தைப் பாருங்கள்.

நல்ல டயர், காய்ந்த தார் என்றால் 50-ல் பிரேக் தூரம் சுமார் 12 மீட்டர், 100-ல் சுமார் 50. 100-ல் கால் பெடலுக்குப் போகும் ஒரு நொடியில் ஓடும் 28 மீட்டர் தனி.

கே: எந்தப் பள்ளி நல்லது?

ப: முதல் பதில்.

கே: இஎஸ்சி-யை (வண்டி சறுக்கினால் தானே சக்கரத்துக்கு பிரேக் போட்டு நேராக்கும் அமைப்பு) அணைத்துவிட்டுக் கற்பதுதான் நிஜமான ஓட்டுதல்.

ப: வழுக்குத் தளத்தில் அணைத்துப் பாருங்கள், தப்பில்லை. பின்பக்கம் வலப்புறம் சறுக்கினால் ஸ்டியரிங்கும் வலப்புறம். பிடிப்பு திரும்பும்போதே நேராக்க வேண்டும். தாமதித்தால் எதிர்ப்பக்கம் இன்னும் மூர்க்கமாகச் சுற்றும். முன்பக்கம் சறுக்கினால் மேலும் மேலும் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

கே: (அவரே) அப்போ இதெல்லாம் தெரிந்தவனுக்கு இஎஸ்சி எதற்கு?

ப: அது நாலு சக்கரத்தில் எது வேண்டுமோ அதை மட்டும் பிடிக்கும். உங்களிடம் இருப்பது ஒரே பெடல்.

கே: கை தேர்ந்தவனுக்கு அதுவும் தேவைப்படாது.

ப: இந்த நினைப்புதான் ஆபத்து. நார்வேயில் 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். இளைஞர்களிடம் வழுக்குச் சாலை விபத்து குறையவில்லை, கூடியது. சமாளித்துவிடலாம் என்ற தெம்பில் வேகத்தைக் குறைக்காமல் போனார்கள்.

கே: அப்போ பயிற்சியே வீண் என்கிறீர்களா?

ப: இல்லை. 40-ல் தப்பித்ததை 50-ல் செய்யவைத்து, முடியாமல் போவதைக் காட்டும் பயிற்றுநரைத் தேடுங்கள். கடைசியில் கைதட்டி அனுப்புபவர் வேண்டாம்.

கே: ஐயா, நல்ல பள்ளி ஒன்று சொல்லுங்களேன்?

ப: மூன்றாவது முறை சொல்கிறேன்: நிமிடத்தை எண்ணுங்கள்.

கே: சொந்தக் காரில் போகலாமா?

ப: போகலாம், பழகிய வண்டியே நல்லது. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். உள்ளே உருளும் பாட்டில், குடை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கொளுத்தும் பிரேக்கோடு வந்து நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் வேண்டாம், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.